ஆங்கில இலக்கணம் கற்பித்தலும் தமிழ் மாணவரின் இலக்கண அறிவும்: அணுகுமுறைகள் குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போர்க்கு இலக்கணத்தை விதிமுறையாகக் கற்பிப்பதா, பயன்பாட்டின் வழியே தானாகப் படிய விடுவதா என்னும் விவாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது. எல்லா இலக்கணக் கூறுகளுக்கும் பொருந்தும் ஒரே அணுகுமுறை இல்லை என்பதையும், அணுகுமுறையைத் தீர்மானிக்க வேண்டியது கற்பிக்கப்படும் கூறின் தன்மையே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தமிழ்வழி மாணவர் ஏற்கெனவே பெற்றுள்ள தமிழ் இலக்கண அறிவு சில கூறுகளில் நேரடியாக உதவுகிறது. சிலவற்றில் பெயர் ஒப்புமையால் திசை மாற்றுகிறது. சிலவற்றில் பயன் தருவதில்லை. இவ்வேறுபாடு ஆர்ட்டிகிள், காலம், பெயரெச்சத் தொடர், படர்க்கை ஒருமை விகுதி ஆகிய நான்கு கூறுகளைக் கொண்டு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரண்டாம் மொழி கற்பித்தல், இலக்கணம், பெங்களூர்த் திட்டம், இரண்டாம் வேற்றுமை, பெயரெச்சம், இடைமொழி.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்ட வகுப்பில் சேரும் தமிழ்வழி மாணவர் பகுதி இரண்டில் ஆங்கிலம் படிக்கிறார். அதற்கு முன் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றிருக்கிறார். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவார், நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவார், படர்க்கை ஒருமை எழுவாய்க்கு நிகழ்கால வினையின் இறுதியில் ‘எஸ்’ சேர்க்க வேண்டும் என்னும் விதியைக் கேட்டால் பிழையின்றிச் சொல்வார். அவரே தம் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதினால் அந்த ‘எஸ்’ பாதி இடங்களில் இராது. விதி தெரியாதவர் என்று அவரைக் கூற இயலாது. பயிற்சி போதவில்லை என்று கூறுவதும் கடினம்; அவர் நிரப்பிய கோடிட்ட இடங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.

இந்த இடைவெளியை ஆங்கிலத் துறையின் சிக்கலாக மட்டும் கருதும் போக்கு தமிழாய்வு உலகில் உண்டு. மாணவர் ஆங்கிலத்தைத் தமிழின் வழியாகவே பொருள் கொள்கிறார் என்பதால் அவர் தமிழைப் பற்றித் தமிழ்த் துறை அறிந்தவை இச்சிக்கலின் தீர்வில் இடம்பெற வேண்டியவை. அவ்விடம் எது, அதன் எல்லை எது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

விதி, அமைப்பு, செயற்பணி

இலக்கண–மொழிபெயர்ப்பு முறை ஐரோப்பாவில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த வழக்கத்திலிருந்து வந்தது. விதியை முதலில் கூறி, எடுத்துக்காட்டுத் தந்து, தனித் தொடர்களை மொழிபெயர்க்கச் செய்வது அதன் வழி. இந்தியாவில் 1930களில் வெளிவந்த ரென்–மார்ட்டின் இலக்கண நூல் இன்றளவும் அந்த மரபின் அடையாளமாக விற்பனையில் இருக்கிறது. இம்முறை தமிழகத்துக்கு அன்னியமானதன்று. நூற்பாவைச் சொல்லி, உரை கூறி, எடுத்துக்காட்டால் விளக்கும் தமிழ் இலக்கண வகுப்பின் ஒழுங்கும் இதுவே. ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பள்ளியில் ஒரே வழியில் இலக்கணம் நடத்தியதில் வியப்பில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தமிழாசிரியர் விளக்கிய மொழியை மாணவர் முன்பே பேசிக்கொண்டிருந்தார்.

1950களில் தென்னிந்தியப் பள்ளிகளில் அமைப்பு அணுகுமுறை புகுந்தது. தொடரமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் சூழலோடு காட்டி, வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து பழக்கமாக்குவது அதன் நோக்கம். விதியை விளக்குவது தேவையற்றது எனக் கருதப்பட்டது. ஐதராபாத்தில் 1958இல் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனமும், பின்னர்ப் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனமும் இவ்வணுகுமுறையில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தன. இருபது ஆண்டுகளில் இதன் குறையும் வெளிப்பட்டது: வகுப்பில் பிழையின்றி வந்த அமைப்பு வகுப்புக்கு வெளியே வரவில்லை.

இக்குறையிலிருந்தே என். எஸ். பிரபுவின் திட்டம் பிறந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்ப் பள்ளிகளில் நடைபெற்ற இது உலக அளவில் பெங்களூர்த் திட்டம் என அறியப்படுகிறது. சென்னையும் கடலூரும் அப்பெயரில் மறைந்துபோயின. இதன் பாடத்திட்டத்தில் இலக்கணப் பட்டியலே இல்லை. மாணவருக்குத் தொடர்வண்டிக் கால அட்டவணை தரப்படும்; குறித்த நேரத்தில் ஓர் ஊரை அடைய எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கண்டறிய வேண்டும். வரைபடத்தில் வழி காண்பது, விலைப்பட்டியலைக் கொண்டு கணக்கிடுவது போன்ற செயற்பணிகள் இவ்வாறே அமைந்தன. ஆசிரியர் ஒத்த பணி ஒன்றை வகுப்போடு சேர்ந்து முதலில் செய்வார். பிறகு மாணவர் தாமே ஒன்றைச் செய்வார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் அறியாமலே உள்ளமைகிறது என்பது பிரபுவின் கோட்பாடு. 1987இல் வெளியான ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ என்னும் நூலில் அவர் இதை விரித்துரைத்தார்.

இத்திட்டத்தை ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிசும் மதிப்பிட்டு 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். அமைப்பு வழியில் கற்ற வகுப்புகள் அமைப்புச் சோதனையிலும், திட்ட வகுப்புகள் செயற்பணிச் சோதனையிலும் சிறந்து நின்றன. இரு தரப்புக்கும் பொதுவாக அமைக்கப்பட்ட சோதனைகளில் பெரும்பாலும் திட்ட வகுப்புகள் முன்னின்றன. இருப்பினும் ஒப்பிடப்பட்ட வகுப்புகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல என்பதால் இம்முடிவை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். திட்டத்தோடு நெருங்கிய தொடர்புடையோர் கையாண்ட அளவுக்கு வழக்கமான பள்ளி ஆசிரியர்களால் இம்முறையைக் கையாள இயலவில்லை என்று பெரெட்டா பின்னர் எழுதியது இன்னும் முக்கியமானது. செயற்பணி வகுப்பில் அடுத்த வினா என்ன என்பது மாணவரின் விடையைப் பொறுத்தது. பாடநூல் காட்டாத திசையில் உடனுக்குடன் ஆங்கிலத்தில் பேசும் ஆற்றலை அது ஆசிரியரிடம் எதிர்பார்க்கிறது.

பொருள் மட்டும் போதுமா?

பிரபுவின் கோட்பாட்டுக்கு அண்மையில் நிற்பவர் ஸ்டீபன் கிராஷன். முயன்று கற்ற விதி, இயல்பாக அமையும் மொழித்திறனாக மாறாது என்றும், புரியக்கூடிய உள்ளீடே மொழியை வளர்க்கும் என்றும் அவர் 1980களில் வலியுறுத்தினார். இதற்கான மறுப்பு கனடாவிலிருந்து வந்தது. அங்கு ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பல ஆண்டுகள் பிற பாடங்களைப் பிரெஞ்சு வழியிலேயே பயின்றனர். கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அவர்கள் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கினர். பேச்சிலும் எழுத்திலும் பால் பொருத்தம், காலவடிவம் போன்றவற்றில் பிழைகள் நீடித்தன. புரிந்துகொள்ள இலக்கண நுணுக்கம் தேவைப்படாததால் அது கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது என மெரில் சுவெய்ன் 1985இல் விளக்கினார். கவனித்தறியாத எதுவும் கற்கப்படுவதில்லை என்ற ரிச்சர்ட் ஷ்மிட்டின் கருத்தும், பொருளை மையமாகக் கொண்ட வகுப்பிலேயே தேவை எழும்போது வடிவத்தின்மீது கவனத்தைத் திருப்ப வேண்டும் என்ற மைக்கேல் லாங்கின் கருத்தும் இதன் தொடர்ச்சிகள்.

நாரிசும் ஒர்ட்டேகாவும் 2000ஆம் ஆண்டில் 49 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, வெளிப்படையாக இலக்கணம் கற்பித்தல் மறைமுகக் கற்பித்தலைவிடக் கூடுதல் பயன் தந்ததாகக் கண்டனர். இம்முடிவைப் பழைய விதிமுறைக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொள்வோர் உளர். தொகுக்கப்பட்ட ஆய்வுகளின் சோதனைகள் பெரும்பாலும் வெளிப்படை அறிவையே அளக்கும் தன்மையுடையன என்று அதே கட்டுரை எச்சரித்ததை அவர்கள் கூறுவதில்லை. கோடிட்ட இடத்தைக் கற்பித்துக் கோடிட்ட இடத்தையே சோதித்தால் முன்னேற்றம் தெரியத்தான் செய்யும்.

இவ்விவாதங்கள் அனைத்திலும் ‘இலக்கணம்’ என்பது ஒரே பொருளாகப் பேசப்படுகிறது. ‘தி’ என்னும் ஆர்ட்டிகிளும் வினையிறுதி ‘எஸ்’ஸும் ஒரே வகை அறிவைக் கோருவன அல்ல. கற்பவரின் தாய்மொழியை இணைத்துப் பார்க்கும்போது இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது.

ஐ உருபும் ஆர்ட்டிகிளும்

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை. ஆகவே தமிழர்க்கு அது கடினம் என்பது வழக்கமான விளக்கம். முதற்பாதி உண்மை. கேட்பவர் ஏற்கெனவே அறிந்த பொருள், அறியாத பொருள் என்னும் வேறுபாட்டைத் தமிழ் உணர்த்துவதில்லை என்று அதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பின்வரும் இரு தொடர்களைக் காண்க:

அவன் புத்தகம் வாங்கினான்.
அவன் புத்தகத்தை வாங்கினான்.

முதல் தொடரைக் கேட்பவர் அதை ஒரு செய்தியாக ஏற்றுக்கொள்வார். இரண்டாவதை முன்தொடர்பின்றிக் கேட்டால் ‘எந்தப் புத்தகத்தை?’ என்று வினவுவார். அஃறிணைச் செயப்படுபொருளில் ஐ உருபு வெளிப்படும்போது அப்பொருள் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே அடையாளப்பட்டதாகிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘எ புக்’ அல்லது ‘புக்ஸ்’; இரண்டாவது ‘தி புக்’. உருபில்லாத் தமிழ்ப் பெயர் ஒருமை பன்மை காட்டாது நிற்பதால் ஆங்கிலத்தில் எண்ணையும் மாணவரே தேர வேண்டியிருக்கிறது என்பது உடன் கவனிக்க வேண்டியது.

உயர்திணையில் ஐ உருபு பெரும்பாலும் தவறாமல் வருவதால் இவ்வேறுபாடு மங்குகிறது. முற்றிலும் மறைவதில்லை: ‘வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்’ என்பதும் ‘ஆளைத் தேடுகிறார்கள்’ என்பதும் வேறு வேறு. இரண்டாவதில் தேடப்படுபவர் குறித்த ஒருவர். அவர் காணாமற் போனவராகவோ தப்பியோடியவராகவோ இருக்கலாம்.

எழுவாயில் உருபில்லை. அங்கே சொல்வரிசை அப்பணியை ஏற்கிறது. ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்பது மேசையில் என்ன உள்ளது என்பதற்கு விடை. ‘புத்தகம் மேசைமேல் இருக்கிறது’ என்பது அந்தப் புத்தகம் எங்கே என்பதற்கு விடை. ஆங்கிலம் முதலாவதில் ‘எ’ வைத்தும் இரண்டாவதில் ‘தி’ வைத்தும் கூறும்.

ஆக, மாணவரிடம் இல்லாதது ஆர்ட்டிகிள் என்னும் சொல். அதன் பின்னுள்ள பொருள் வேறுபாடு அவரிடம் ஐயமின்றி இருக்கிறது. ஆயினும் பள்ளியில் கற்ற இலக்கணம் அதை அவருக்கு எடுத்துக் காட்டுவதில்லை. பள்ளிப் பாடத்தில் ‘பால் பருகினான்’ இரண்டாம் வேற்றுமைத்தொகை. ‘பாலைப் பருகினான்’ அதன் விரி. உருபு மறைந்தும் வெளிப்பட்டும் நிற்கும் இரண்டும் ஒரே பொருள் தருவனவாகவே பயிற்சி அமைகிறது. தொகையைக் கண்டு விரித்தெழுதி மதிப்பெண் பெற்ற மாணவருக்கு, அவ்விரண்டின் பயன்பாடும் தம் பேச்சில் வேறுபடுகிறது என்பதை யாரும் சொன்னதில்லை. இங்கு ஆங்கில ஆசிரியருக்கு உதவுவது தமிழ் இலக்கணக் கலைச்சொல் அன்று, மாணவரின் மொழியுணர்வு. ‘எந்தப் புத்தகத்தை?’ என்னும் வினாவை எத்தொடர் எழுப்புகிறது என்று தமிழிலேயே சில இணைத் தொடர்களைக் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலப் பத்தி ஒன்றில் ‘எ’யும் ‘தி’யும் வரும் இடங்களில் அதே வினாவை எழுப்பச் செய்தால், ஆர்ட்டிகிள் பாடத்தின் முதற்படி ஒரு வகுப்பு நேரத்தில் முடியும். முதன்முறை ‘எ’, மறுமுறை ‘தி’ என்ற வாய்பாட்டைவிட இது உறுதியானது. முதன்முறையே ‘தி’ வரும் எண்ணற்ற இடங்களில் அவ்வாய்பாடு கைவிட்டுவிடும்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ‘அவன் காப்பியை விரும்புகிறான்’ என்பதில் ஐ உருபு இருந்தும் குறித்த காப்பி எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் வாராது. ‘ஒரு புத்தகத்தை வாங்கினான்’ என்பதில் ‘ஒரு’வும் ஐயும் சேர்ந்து வருகின்றன, ஆங்கிலம் ‘எ புக்’ என்றே கூறும். எவ்வெவ்வினைகளின் முன் உருபு கட்டாயமாகிறது, எவ்விடத்தில் பொருளால் வேறுபடுகிறது என்னும் விரிவான பட்டியலை இக்கால எழுத்துத் தமிழ்த் தரவிலிருந்து தயாரித்தால், அது தமிழ் இலக்கண ஆய்வுக்கும் ஆங்கில வகுப்புக்கும் ஒருசேரப் பயன்படும்.

காலங்களின் பெயரும் பொருளும்

காலம் பற்றிய பாடத்தில் நிலைமை நேர்மாறானது. ஆர்ட்டிகிளுக்குத் தமிழில் பெயரில்லை, பொருள் உண்டு. காலத்துக்குப் பெயர் ஒத்திருக்கிறது, பொருள் விலகுகிறது. ‘சிம்பிள் பிரசென்ட்’ என்பதை நிகழ்காலம் என மொழிபெயர்த்துக் கரும்பலகையில் எழுதியவுடன் குழப்பம் தொடங்குகிறது. ‘படிக்கிறான்’ என்னும் தமிழ் வினை, இப்போது நடந்துகொண்டிருக்கும் செயலையும் வழக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் ரீடிங்’ வேறு, ‘ஹி ரீட்ஸ்’ வேறு.

வழக்கத்தைக் கூறத் தமிழ் பெரிதும் எடுத்தாள்வது எதிர்கால வடிவத்தை: ‘அவர் தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்.’ இதையே மாணவர் ‘ஹி வில் கெட் அப்’ என எழுதுகிறார். ஆசிரியர் அதைக் காலப்பிழை எனச் சுழிக்கிறார். மாணவரோ தம் தமிழுக்கு முற்றிலும் உண்மையாக நடந்திருக்கிறார்.

இவ்விடத்தில் பழைய இலக்கணம் எதிர்பாராத விதத்தில் கைகொடுக்கிறது. முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லாகிய ‘செய்யும்’ என்பதால் கூற வேண்டும் எனத் தொல்காப்பிய வினையியல் வகுக்கிறது. மலை நிற்கும் என்பது உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு. நன்னூலும் முக்காலத்தும் ஒத்து நிகழும் பொருளை நிகழ்காலத்தால் சொல்வர் என்கிறது. ஆங்கிலத்தின் ‘சிம்பிள் பிரசென்ட்’ இருக்குமிடம் இதுவே. ‘படிக்கிறான்’ என்பதோடு ஒட்டவைத்துக் கற்பிப்பதைவிட, ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’, ‘அவர் ஐந்து மணிக்கு எழுவார்’, ‘இந்தப் பேருந்து திருச்சிக்குப் போகும்’ என்னும் வகையோடு ஒட்டவைத்தால் மாணவர் சரியான பொருளிலிருந்து தொடங்குகிறார்.

‘பிரசென்ட் பெர்பெக்ட்’ தரும் சிக்கல் இவ்விதழ் போன்றவற்றின் வாசகர்க்கு மிக அண்மையானது. ‘வந்திருக்கிறான்’ என்பதற்கு ‘ஹி ஹேஸ் கம்’ நேரானது என்பதால் மாணவர் இவ்வடிவத்தை எளிதில் பற்றிக்கொள்கிறார். ஆனால் தமிழின் ‘இருக்கிற’ துணைவினை, முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லோடு தயக்கமின்றிச் சேரும். ‘பாரதியார் 1919இல் சென்னையில் காந்தியைச் சந்தித்திருக்கிறார்’ என்பது ஆய்வுரைநடையில் அன்றாடம் காணும் தொடர். சான்றின் வழி அறிந்ததை அறிந்தவாறு உரைக்கும் தொனி அதில் இருக்கிறது. ஈரத் தரையைப் பார்த்துவிட்டு ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோமே, அதே தொனி. ஆங்கிலத்தில் முடிந்த காலக்குறிப்போடு ‘ஹேஸ் மெட்’ வாராது. ‘மெட்’ என்றே வர வேண்டும். தமிழாய்வுக் கட்டுரைகளுக்கு எழுதப்படும் ஆங்கிலச் சுருக்கங்களில் இப்பிழை காணப்படுவதன் வேர், எழுதுவோரின் ஆங்கில அறியாமையைவிட, துணைவினை இங்கே காலத்தோடு சான்றுப் பொருளையும் சுமப்பது பள்ளி இலக்கணத்தில் பேசப்படாமையே ஆகும். இத்தகைய இடத்தில் எத்தனை செயற்பணி செய்தாலும் வேறுபாடு தானாகப் புலப்படுவது அரிது. இரு மொழித் தொடர்களையும் அருகருகே வைத்து வெளிப்படையாக விளக்குவதே குறுகிய வழி.

எழுதிய பேனா

தமிழ் மரபிலக்கணம் கலைச்சொல்லோடு முழுமையாக உதவும் இடம் பெயரெச்சம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனுள் எதுவும் பெயரெச்சத்தைத் தொடரும் பெயராக வரலாம் என்பதை மாணவர் நன்னூல் வழிக் கற்கிறார். எழுதிய மாணவன், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம் ஆகிய ஆறிலும் எச்சத்தின் வடிவம் ஒன்றே. பேனா கருவி என்பதையும் அறை இடம் என்பதையும் கேட்பவர் உலகறிவால் உணர்ந்துகொள்கிறார்.

ஆங்கிலம் அவ்வாறு விடுவதில்லை. எழுதிய கடிதம் ‘தி லெட்டர் ஹி ரோட்’; எழுதிய பேனாவோ ‘தி பென் ஹி ரோட் வித்’. இறுதியில் வரும் முன்னிடைச்சொல்லை விட்டுவிட்டால் பேனாவையே எழுதியதாக ஆகிவிடும். ‘நான் வந்த பேருந்து’ என்பதை ‘தி பஸ் ஐ கேம்’ என எழுதும் மாணவர் இந்த ‘இன்’னையே தவறவிடுகிறார். ஆறு பொருளையும் ஒரு நிரலாக எழுதி, எவற்றுக்கு ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் கட்டாயம் என்று மாணவரையே கண்டறியச் செய்யலாம். செய்பவனுக்கும் செய்பொருளுக்கும் தேவையில்லை. கருவிக்கும் நிலத்துக்கும் தேவை. காலத்துக்குப் பல இடங்களில் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு அவர்கள் தாமே வருவர். தமிழ் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு பட்டியல் ஆங்கில வகுப்பில் சிந்திக்கும் கருவியாகிறது. சொல்வரிசை தலைகீழாவதால் நேரும் இடர்ப்பாடு வேறு. அது படிப்பால் விரைவில் சீராகிறது.

‘எஸ்’ என்னும் புதிர்

தாய்மொழியோடு ஒப்பிட்டே எல்லாப் பிழைகளையும் முன்கூட்டிச் சொல்லலாம் என 1950களில் ராபர்ட் லாடோ முதலியோர் நம்பினர். அந்நம்பிக்கையைச் சோதிக்கத் தமிழரின் ‘எஸ்’ பிழை நல்ல சான்று. அவன் வருகிறான், அவள் வருகிறாள், அது வருகிறது எனத் திணை, பால், எண், இடம் அனைத்தையும் வினைமுற்றில் காட்டும் மொழிக்குரியவர் தமிழர். ஒரேயோர் இடத்தில் மட்டும் ஒரேயோர் ஒலியைச் சேர்க்கும் ஆங்கிலப் பொருத்தம் அவருக்கு விளையாட்டாக இருக்க வேண்டும். அவ்வாறு இல்லை.

டூலேயும் பர்ட்டும் 1970களின் முற்பகுதியில் ஸ்பானிய, சீனத் தாய்மொழிக் குழந்தைகளின் ஆங்கிலத்தை ஆராய்ந்தபோது, இலக்கண உருபுகள் படியும் வரிசை இரு குழுக்களிலும் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டனர். ‘இங்’ முன்னே வந்தது. படர்க்கை ‘எஸ்’ பின்தங்கியது. கற்பவர் தமக்கென ஓர் இடைமொழியை அமைத்துக்கொள்கிறார். அதன் வளர்ச்சி ஓரளவு தனக்கே உரிய படிநிலைகளில் செல்கிறது என்பதை இது உணர்த்துகிறது. விதி எளிது என்பதால் அது விரைவில் படியும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

பில் வான்பேட்டன் இதற்கு ஒரு காரணம் கூறுகிறார். ‘ஹி’ என்னும் சொல்லே ஒருமையையும் படர்க்கையையும் தெரிவித்துவிடுவதால் ‘எஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. பொருளைத் தேடும் மனம் அதைக் கேளாமலே செல்கிறது. தமிழில் ‘வருகிறாள்’ என்பதை எழுவாயின்றியே பேசுகிறோம். விகுதி அங்கே உண்மையான பணியைச் செய்கிறது. ஆங்கில விகுதிக்கு அப்பணி இல்லை என்பதால் தமிழ்ப் பொருத்த அறிவு இங்கே எதையும் தூண்டுவதில்லை.

எனவே இக்கூறுக்கு விதி விளக்கமும் தமிழ் ஒப்பீடும் மிகக் குறைந்த நேரமே பெற வேண்டும். ‘எஸ்’ஸைக் கவனித்தால் மட்டுமே பொருள் விளங்கும் உள்ளீட்டைத் தருவது வான்பேட்டனின் வழி. ‘ஷீப்’ என்பதற்கு ஒருமையும் பன்மையும் ஒன்றே; ‘தி ஷீப் ஈட்ஸ்’, ‘தி ஷீப் ஈட்’ ஆகிய இரண்டையும் கேட்டு, ஓர் ஆடு உள்ள படத்தையும் பல ஆடுகள் உள்ள படத்தையும் மாணவர் தேர்ந்தெடுக்கலாம். எழுவாயை மறைத்துவிட்டு வினையை மட்டும் ஒலிக்கச் செய்து, பேசப்படுபவர் ஒருவரா பலரா எனக் கேட்கலாம். இத்தகைய பயிற்சிக்குப் பின்னும் தன்னியல்பான எழுத்தில் ‘எஸ்’ மெல்லவே நிலைபெறும். அதுவரை ஒவ்வொரு விடுபடலுக்கும் சிவப்பு மையில் வட்டமிடுவதால் மாணவர் குறைவாக எழுதக் கற்றுக்கொள்வாரேயன்றி வேறெதுவும் நிகழாது.

வகுப்பறையும் வினாத்தாளும்

ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிப்பதைக் குறையாகக் கருதும் மனநிலை நேர்முறையின் எச்சம். தாய்மொழியை முறைப்படுத்திப் பயன்படுத்தலாம் என்று சி. ஜே. டாட்சன் 1967இலேயே இருமொழி முறையை முன்வைத்தார். தமிழகத்து வகுப்புகளில் தமிழ் எப்போதும் இருந்தே வருகிறது. பெரும்பாலும் கதைச்சுருக்கத்தைச் சொல்லவும் விதியை மொழிபெயர்க்கவும் அது செலவாகிறது. ஐ உருபு, துணைவினை, பெயரெச்சம் போன்ற இடங்களில் ஐந்து மணித்துளி தமிழும், எஞ்சிய நேரத்தில் கால அட்டவணையும் வரைபடமும் போன்ற செயற்பணி ஆங்கிலமும் என்ற பகிர்வு, பிரபுவின் வழியைக் கைவிடாமல் அதன் குறையை ஈடு செய்யும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாத ஆசிரியரும் இதன் முதற்பகுதியைத் திறம்படச் செய்யக்கூடும் என்பது நடைமுறையில் சிறிய பயன் அன்று.

இவை எதுவும் வினாத்தாள் மாறாமல் நிலைபெறா. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குக என்னும் வினாவுக்கு விடையளிக்க அத்தொடரின் பொருள் தெரிய வேண்டியதில்லை. சொற்களை இடம் மாற்றும் வாய்பாடு போதும். தனித்தொடர் ஒன்றில் ‘எ’யா ‘தி’யா என்று கேட்கும் கோடிட்ட இடமும் அத்தகையதே, கேட்பவர் எதை அறிந்திருக்கிறார் என்பது தெரியாத நிலையில் பல தொடர்களுக்கு இரண்டுமே சரியான விடை. அதே வினாவை எட்டு வரி உரையாடலில் அமைத்து, ஓரிடத்தில் ‘தி’ வந்தமைக்குக் காரணத்தை ஒரு வரியில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் செய்யலாம். அத்தகைய வினாவுக்கு மதிப்பெண் இரண்டு என்றாலும், அதற்கு முந்தைய வாரம் ஆங்கில ஆசிரியர் தமிழாசிரியரிடம் ஐ உருபைப் பற்றிக் கேட்க வேண்டிவரும்.